வாயைத் திறக்காத நோயாளிகள்: விலங்குகளின் பல் மருத்துவம்

மாட்டுச் சந்தையில் பேரம் தொடங்குவது பணத்தில் அல்ல, பல்லில். தரகர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து மாட்டின் கீழுதட்டை விலக்குவார், முன்பற்களைப் பார்ப்பார், 'இரண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்', 'கடை சேர்ந்தது' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுக் கையை எடுப்பார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அங்கே இருப்பது கெட்டியான ஒரு திண்டு. கீழ்த்தாடையில் மட்டும் எட்டு. பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் ஜோடி ஜோடியாக முளைக்கும். முதல் ஜோடி ஏறத்தாழ 2 வயதில், கடைசி ஜோடி 4 வயதை ஒட்டி. துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசும் விலைக்கு இந்த எண்ணிக்கைதான் அடிப்படை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு வரும் குதிரைகளின் வாயையும் இப்படித்தான் திறந்து பார்க்கிறார்கள்.

ஆக, விலங்கின் வாய்க்குள் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் பார்த்தது வயதை. வயதின் வழியாக விலையை. அந்தப் பல் வலிக்கிறதா என்று சந்தையில் யாரும் கேட்பதில்லை. விலங்குப் பல் மருத்துவர் அந்த ஒரு கேள்வியோடு வாயைத் திறக்கிறவர். கேள்வி எளிது, விடை காண்பதுதான் கடினம். இந்தத் துறையின் கருவிகள், செலவு, சச்சரவு எல்லாமே ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை: நோயாளி தானாக வாயைத் திறக்காது, திறந்தாலும் எங்கே வலிக்கிறது என்று சொல்லாது.

துறை இளையது, வேலை பழையது. மங்கோலியப் புல்வெளியில் சடங்காகப் புதைக்கப்பட்ட குதிரைகளின் மண்டையோடுகளை ஆராய்ந்த தொல்லியலாளர்கள் 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்த மேய்ச்சல்காரர்கள் கோணலாக வளர்ந்த முன்பல்லைக் கல்லால் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு உலோகக் கடிவாளம் வந்ததும், அது இடிக்கும் இடத்தில் இருக்கும் 'ஓநாய்ப் பல்' எனப்படும் சிறுபல்லைப் பிடுங்கத் தொடங்கியிருக்கிறார்கள். குதிரை ஒத்துழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததாக இருக்கலாம். என்றாலும் செய்தது பல் மருத்துவம்தான். இதற்குத் தனிச் சங்கமும் தனிப் பட்டமும் வர 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆயிற்று. அமெரிக்காவில் 1976-இல் விலங்குப் பல் மருத்துவச் சங்கம் தொடங்கியது. 1988-இல் விலங்குப் பல் மருத்துவம் அங்கே சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. ஐரோப்பாவில் அதே போன்ற அமைப்பு 1998-இல் வந்தது. அங்கே கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றபின் இன்னும் சில ஆண்டுகள் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதினால்தான் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். அப்படிப்பட்டவர்கள் உலகம் முழுவதும் மிகச் சிலரே. பெரும்பாலான விலங்குகளின் பற்களைப் பார்ப்பது பொதுக் கால்நடை மருத்துவர்கள்தான்.

நம் ஊரில் நிலைமை வேறு. அரசுக் கால்நடை மருந்தகங்கள் கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுக்காக அமைந்தவை. சினை ஊசி, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் என்று அவற்றின் நாள் கழிகிறது. வீட்டுச் செல்லப்பிராணிகளுக்கான பல் சிகிச்சை பெருநகரத் தனியார் மருத்துவமனைகளையும் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளையும் பெரும்பாலும் தாண்டவில்லை.

பல் சிகிச்சை பற்றி எங்கே படித்தாலும் ஒரு புள்ளிவிவரம் எதிரே வரும்: 3 வயதைத் தாண்டிய நாய்களில் 80 சதவீதத்துக்கு ஈறு நோய் இருக்கிறது. பற்பசை விற்கிறவர்களும் சொல்கிறார்கள், மருத்துவர்களும் சொல்கிறார்கள். இன்னொரு எண்ணும் இருக்கிறது. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 22,333 நாய்களின் மருத்துவக் குறிப்புகளை அலசி 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், ஓராண்டில் ஈறு நோய் பதிவானது 12.5 சதவீத நாய்களுக்கு மட்டுமே. இரண்டில் எது சரி? முதலாவது எண் விளம்பரத்தில் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்த எண் என்பது என் எண்ணம். ஆனால் இரண்டாவதும் முழு உண்மை அல்ல. அது நோயின் அளவு அல்ல, கண்ணில் பட்டு எழுதிவைக்கப்பட்ட நோயின் அளவு. விழித்திருக்கும் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்து எடுத்த கணக்கு ஒன்று. அதே நாயை மயக்கத்தில் படுக்கவைத்து ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்து பார்த்து எடுக்கும் கணக்கு வேறு. இரண்டாவது முறையில் விகிதம் பல மடங்கு ஏறுகிறது. இடையில் கிடக்கும் அந்தப் பெரிய வித்தியாசம்தான் விலங்குப் பல் மருத்துவரின் வேலைக்களம்.

"நேற்றுகூட நன்றாகத்தானே சாப்பிட்டான்?" என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். சாப்பிட்டிருப்பான். வேர்வரை உடைந்த பல்லோடும் நாய் சாப்பிடும். காட்டில் வலியைக் காட்டிக்கொள்ளும் விலங்கு இன்னொரு விலங்குக்கு இரையாகும், அல்லது கூட்டத்தில் தன் இடத்தை இழக்கும். பசி வலியை வென்றுவிடும். ஆகவே அறிகுறிகள் மிகச் சிறியவை. ஒரு பக்கமாகவே மெல்வது. மெல்லாமல் விழுங்குவது. தட்டிலிருந்து எடுத்த துண்டு கீழே விழுவது. எப்போதும் கயிறு இழுத்து விளையாடும் நாய் திடீரென்று விளையாட்டை விட்டுவிடுவது. ஒரு பக்கப் பற்களில் மட்டும் மஞ்சள் காரை கெட்டியாகப் படிந்திருந்தால் அந்தப் பக்கத்தை அது பயன்படுத்தவில்லை என்று பொருள் கொள்ளலாம். பல நேரம் வலி இருந்ததே சிகிச்சைக்குப் பிறகுதான் தெரியவருகிறது. வயதாகிவிட்டது, சோம்பிப் படுத்திருக்கிறது என்று விட்டுவைத்த நாய், கெட்ட பல்லை எடுத்த சில வாரத்தில் குட்டிபோல் ஓடும்.

வாய் நாற்றத்தை மட்டும் எல்லோரும் கவனிக்கிறார்கள். நாய் என்றால் நாறத்தான் செய்யும் என்று ஒதுக்கியும்விடுகிறார்கள். நலமான நாயின் வாய் அப்படி நாறாது.

நாய்க்கு நிலைப்பற்கள் 42, பூனைக்கு 30. வாயின் இரு பக்கமும் மேலே நான்காவது முன்கடைவாய்ப்பல்லும் கீழே முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரியின் இரு அலகுபோல் உரசிக்கொண்டு இறைச்சியை வெட்டுகின்றன. வாயின் பெரிய வேலைக்காரர்கள் இவர்கள். கெட்டுப்போனால் நோவும் பெரிது. மனிதருக்கு வரும் சொத்தைப்பல் நாய்களுக்கு அரிது. பற்களின் வடிவம் கூர்மையானது, உணவில் சர்க்கரை குறைவு, உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிகுந்தது. ஆனால் அந்தக் காரத்தன்மையே வேறு வகையில் கெடுதல் செய்கிறது: பல்லில் படியும் கிருமிப் படலத்தில் உமிழ்நீரின் தாதுக்கள் சீக்கிரம் இறங்கி அதைக் காரையாக இறுக்கிவிடுகின்றன. துலக்கிய பல்லில் படலம் ஒரே நாளில் உருவாகும். இரண்டு மூன்று நாளில் காரையாகத் தொடங்கும்.

கண்ணுக்குத் தெரியும் காரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கெடுதல் செய்வது ஈறுக்கு அடியில் இறங்கும் கிருமிப் படலம். அதை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையில் ஈறு சிவக்கிறது, பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அறுகின்றன, தாடை எலும்பு கரைகிறது. எலும்பு கரைந்தால் திரும்ப வராது. சிறிய நாய்களில் இது அழிவு. உடல் சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்கவில்லை. சின்னத் தாடையில் பெரிய பற்கள். கீழ்க்கடைவாய்ப்பல்லைச் சுற்றிய எலும்பு கரைந்துவிட்டால், கட்டிலிலிருந்து குதித்ததில் தாடையே முறிந்துபோன சிறு நாய்கள் உண்டு. மேல் கோரைப்பல்லின் உட்புற எலும்பு கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழும். தண்ணீர் குடித்ததும் நாய் தும்மும், மூக்கில் சளியும் இரத்தமும் வரும். சளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். 2003 வாக்கில் ஒரு செல்பேசி விளம்பரத்துக்குப் பிறகு நம் அடுக்குமாடிகளில் பெருகிய பக் நாய்க்கு இன்னொரு தொல்லை: முகம் தட்டையாக நசுங்கியதால் பற்கள் இடமில்லாமல் திரும்பி நெருக்கியடித்து நிற்கின்றன, இடுக்குகளில் உணவு தங்குகிறது. பொமரேனியன் போன்ற குட்டை நாய்களில் பாற்பல் விழாமல் பக்கத்திலேயே நிலைப்பல்லும் முளைத்து இரட்டைக் கோரைப்பல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 'அழகாக இருக்கிறதே' என்று விடக்கூடாது. பாற்பல்லை எடுத்துவிட வேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கிறது? முதலில் இரத்தப் பரிசோதனை, இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து மயக்கம். மூச்சுக்குழாயில் காற்றடைத்த வளையமுள்ள குழாய் பொருத்தப்படுகிறது. கருவியில் இருந்து பீய்ச்சும் நீரும் கிருமியும் உடைந்த காரைத் துணுக்கும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். தண்ணீரால் உடல் குளிர்ந்துவிடும் என்பதால் கீழே வெப்பம் தரும் விரிப்பு. பிறகு அதிர்வுக் கருவியால் காரை நீக்கம். அதன் பின்தான் உண்மையான வேலை: மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய குச்சியை ஒவ்வொரு பல்லின் ஈறோரமும் சுற்றிச் செருகி ஆழம் அளப்பது. நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. பூனைக்கு 1 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகம். மருத்துவர் எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் வாய்ப்படத்தில் குறிப்பார். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. மேல் வலப்பக்கம் 100-இல் தொடங்கும். மேல் இடது 200, கீழ் இடது 300, கீழ் வலது 400. எந்த விலங்கானாலும் கோரைப்பல் 04-இல் முடியும், முதல் கடைவாய்ப்பல் 09-இல். நாய்க்கும் புலிக்கும் குதிரைக்கும் ஒரே கணக்கு. சென்னையில் எழுதிய '208 உடைந்தது' என்ற குறிப்பைச் சிட்னியில் இருப்பவர் படித்தாலும் மேல் இடப்பக்கப் பெரிய வெட்டும் பல் என்று உடனே புரியும்.

அடுத்தது எக்ஸ்ரே. இதை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1998-இல் வெளியான ஓர் ஆய்வைக் காட்டலாம். வெளியே பார்வைக்குக் குறையில்லாத பற்களை மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, நாய்களில் 27.8 சதவீதத்திலும் பூனைகளில் 41.7 சதவீதத்திலும் மருத்துவ முக்கியத்துவம் உள்ள கோளாறு மறைந்திருந்தது. பல்லின் பெரும்பகுதி எலும்புக்குள் இருக்கிறது. பார்க்காமல் எப்படித் தெரியும்?

கடைசியில் மெருகு. காரையைச் சுரண்டிய பல்லில் நுண்ணிய கீறல்கள் விழும். மெருகிடாமல் விட்டால் படலம் அங்கேதான் முதலில் ஒட்டும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இதில் எதுவுமே இல்லாமல் 'மயக்கமில்லாத பல் சுத்தம்' என்று ஒன்று அழகு நிலையங்களில் விற்கப்படுகிறது. நாயைத் துணியில் சுற்றி அமுக்கிப் பிடித்து, வெளியே தெரியும் காரையைக் கருவியால் உடைத்தெடுக்கிறார்கள். பல் வெளுக்கிறது, உரிமையாளர் மகிழ்கிறார். ஈறுக்கு அடியில் எதுவும் நடக்கவில்லை, எதுவும் பார்க்கப்படவும் இல்லை. உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட பல் மருத்துவ வழிகாட்டி இதைப் போதாத சிகிச்சை என்றும் விலங்கின் நலனுக்கு எதிரானது என்றும் தெளிவாகச் சொல்கிறது. மயக்க மருந்தைப் பற்றிய பயம் நியாயமானதே. வயதான விலங்குக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் அந்தப் பயத்தைக் காசாக்கி விற்கப்படும் வெண்மை நோயை மூடி மறைக்கும் சுண்ணாம்புப் பூச்சு. அதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்பேன். குறைந்தபட்சம் எல்லாம் சரியாகிவிட்டது என்ற பொய் நிம்மதியாவது இருக்காது.

உடைந்த பல் தனிக் கதை. மேல் 108, 208 ஆகிய வெட்டும் பற்கள் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அன்போடு கொடுக்கும் பொருள்கள்: கறிக்கடை முழங்கால் எலும்பு, மாட்டுக் குளம்பு, இப்போது கடைகளில் தொங்கும் கல்போன்ற இமயமலைப் பாலாடைக்கட்டி. நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்பது பல் மருத்துவர்களின் எளிய விதி. பல்லின் பக்கவாட்டில் ஒரு சில்லு பெயர்ந்து, நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள பற்கூழ் திறந்துகொள்ளும். கிருமி உள்ளே இறங்கி வேர்நுனியில் சீழ் கட்டும். அந்தப் பல்லின் வேர்கள் கண்ணுக்குக் கீழே முடிகின்றன. ஆகவே சீழ் வெளிப்படுவது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே. பூச்சி கடித்திருக்கும், கண்ணில் ஏதோ அடிபட்டிருக்கும் என்று மருந்து போடுவார்கள். வற்றும், மறுபடி வீங்கும். பல்லைக் கவனிக்கும்வரை இது ஓயாது.

அப்போது இரண்டே வழி: எடுப்பது, அல்லது வேர் சிகிச்சை. மூன்று வேருள்ள பல்லைக் குறடால் பிடித்து இழுத்தால் வராது. ஈறைத் திறந்து, பல்லை மூன்றாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனியே நெம்பி எடுத்துத் தைக்க வேண்டும். முன்னதாக அந்தப் பகுதி நரம்பை ஊசியால் மரக்கச் செய்வது வழக்கம். மயங்கிக் கிடக்கும் விலங்குக்கும் அது தேவை, விழித்தபின் வலி குறைவாக இருக்கும். வேர் சிகிச்சை மனிதருக்குச் செய்வது போன்றதுதான், கருவியின் நீளம்தான் வேறு. நாயின் கோரைப்பல்லில் வெளியே தெரிவதைவிட உள்ளே இருக்கும் வேர் நீளமானது. மனிதப் பல் மருத்துவரின் அரம் அங்கே பாதியில் நின்றுவிடும். 60 மில்லிமீட்டர் வரை நீளமான அரங்கள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. காவல்துறை, ராணுவ நாய்களுக்குக் கோரைப்பல் உடைந்தால் வேர் சிகிச்சை செய்து மேலே உலோக உறை பொருத்துவது உண்டு. கடித்துப் பிடிப்பது அவற்றின் பணி. வீட்டில் சோபாவில் படுத்திருக்கும் நாய்க்கு உலோகப் பல் தேவையில்லை. வலி நீங்கினால் போதும்.

இங்கேதான் மனிதப் பல் மருத்துவமும் இதுவும் பிரிகின்றன. நமக்குப் பல் என்றால் முகம், சிரிப்பு, பேச்சு. விலங்குக்கு அவை பொருட்டல்ல. கோணல் பல்லுக்குக் கம்பி போடும் வித்தை இத்துறையிலும் உண்டு. ஆனால் கீழ்க் கோரைப்பல் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாக்கினால்தான் அது நியாயம். கண்காட்சியில் பரிசு வாங்குவதற்காகப் பல்லை நேராக்கிப் பரம்பரைக் குறையை மறைப்பதை இந்தத் துறையின் நெறிமுறைகள் ஏற்பதில்லை.

பூனை பல் மருத்துவரை அதிகம் சோதிக்கும் விலங்கு. அதற்கு வரும் வினோத நோய், பல் தன்னைத்தானே தின்றுகொள்வது. உடலின் சொந்த உயிரணுக்களே பல்லின் வேரைக் கரைக்கத் தொடங்கும். ஏன் என்பதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை. ஈறோரம் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி தெரியும்; உள்ளே பாதி வேர் இருக்காது. எக்ஸ்ரேயில் வேர் எலும்போடு எலும்பாகக் கலந்துவிட்டது தெரிந்தால் மேற்பகுதியை மட்டும் நீக்கி ஈறைத் தைத்துவிடலாம். வேர் தனியாக நின்றால் முழுவதும் எடுத்தாக வேண்டும். படம் இல்லாமல் இந்த முடிவை எடுப்பது குருட்டாம்போக்கு. இன்னொன்று வாய் முழுக்க ஈறும் தொண்டையோரமும் புண்ணாகச் சிவந்து எரியும் நாள்பட்ட அழற்சி. பூனைகளைத் தாக்கும் கலிசி வைரஸுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. மருந்துகள் கொஞ்ச காலமே தாங்கும். பெரும்பாலான பூனைகளுக்குப் பலன் தருவது, கேட்கவே கொடூரமாகத் தோன்றும் ஒரு சிகிச்சை: கடைவாய்ப்பற்கள் அனைத்தையும், சிலநேரம் எல்லாப் பற்களையும் எடுத்துவிடுவது. உரிமையாளர்கள் அழுதுவிடுவார்கள். ஆனால் மாதக்கணக்கில் தட்டைப் பார்த்து ஓடிய பூனை, புண் ஆறியதும் பல்லில்லாமலே உலர் உணவைக்கூட விழுங்கிச் சாப்பிடும்.

பூனையின் வாயைத் திறந்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. முன்பெல்லாம் சுருள்வில் உள்ள ஒரு கவ்வியைப் பற்களுக்கு இடையே பொருத்தி வாயை அகலத் திறந்து வைப்பார்கள். மயக்கம் தெளிந்த சில பூனைகளுக்குக் கண் தெரியவில்லை. வாயை அதிகம் விரித்தால் தாடை எலும்பு மேல்தாடைத் தமனியை நசுக்குகிறது, பூனையின் விழித்திரைக்கும் மூளைக்கும் இரத்தம் போவதே அந்த வழியாகத்தான் என்று 2010-களில் ஆய்வுகள் காட்டின. இப்போது அந்தக் கவ்வியைத் தவிர்க்கிறார்கள். வாய் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவிலேயே வேலை.

இதுவரை சொன்னவை ஒருமுறை முளைத்து நிற்கும் பற்கள். முயலுக்குப் பல் நிற்பதே இல்லை; முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வளரும். புல்லும் வைக்கோலும் நாள் முழுக்க அரைத்தால் தேய்ந்து சமனாகும். கேரட்டும் கடைத் தீவனமும் மட்டும் போட்டால் தேயாமல் வளைந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். நகவெட்டியால் பல்லை வெட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பல் நீளவாக்கில் பிளந்து வேரில் சீழ் பிடிக்க அது ஒரு வழி. சுழலும் கருவியால்தான் தேய்க்க வேண்டும்.

குதிரையின் கடைவாய்ப்பல் எலும்புக்குள் நீளமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் தேயத் தேய வெளியே வந்துகொண்டிருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேற்பல்லின் வெளியோரமும் கீழ்ப்பல்லின் உள்ளோரமும் தேயாமல் கத்திபோல் நிற்கும். நின்ற நிலையிலேயே லேசான மயக்கம் கொடுத்து, வாய்த்தடையால் திறந்து, தலையைத் தாங்கியில் வைத்து, நீண்ட அரத்தால் அந்த ஓரங்களை மழுக்குவதுதான் குதிரைப் பல் மருத்துவத்தின் அன்றாட வேலை. பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பும் குதிரைக்கு இது தேவைப்படுகிறது என்று பொருள். இயந்திர அரம் வந்த பிறகு வேலை எளிதாயிற்று. அளவுக்கு மீறித் தேய்ப்பதும் எளிதாயிற்று. பல்லைப் பார்த்துக் குதிரையின் வயதைச் சொல்லும் கலைக்கு 19-ஆம் நூற்றாண்டில் சிட்னி கால்வெய்ன் என்பவர் புகழ் தேடித்தந்தார். மேல் ஓர முன்பல்லில் 10 வயதில் ஒரு பள்ளக்கோடு தொடங்கி 20-இல் முழுநீளம் இறங்கும் என்பது அவர் கணக்கு. தீவனம் மாறினால், இனம் மாறினால் கணக்கும் மாறும் என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். சந்தைகளில் இன்னும் செல்லுபடியாகிறது.

யானைக்கு மாற்றுப்பற்கள் கீழிருந்து முளைப்பதில்லை; பின்னாலிருந்து முன்னோக்கி நகர்ந்து வருகின்றன. ஒவ்வொரு தாடைப் பக்கத்துக்கும் வாழ்நாளில் ஆறு, மொத்தம் 24. தேய்ந்த பல் முன்னால் உடைந்து உதிர, அடுத்தது அந்த இடத்துக்கு வரும். ஆறாவதும் தேய்ந்தால் அவ்வளவுதான். 60 வயதைத் தாண்டிய யானைகள் மெலிவதற்குப் பல நேரம் காரணம் இதுவே. லத்தியில் இலைநார் நீளநீளமாக அரைபடாமல் கிடந்தால் பாகனுக்கே புரிந்துவிடும்: பல் போய்விட்டது. முதுமலை தெப்பக்காடு போன்ற முகாம்களில் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கவளமாகத் தருகிறார்கள். பல்லிழந்த கிழட்டு யானைக்கு அது உயிர். ஆனால் இளம் யானைக்கு மென்மையான உணவே வாழ்க்கை என்றாகிவிட்டால், நார்த்தீவனம் இல்லாமல் பல் சரியாகத் தேயாமல் கோணிக்கொள்ளும்.

தந்தமும் பல்தான், மேல்தாடை முன்பல். அடிப்பாகத்தில் உயிருள்ள கூழ் இருக்கிறது. நுனியை வெட்டும்போது கூழ் முடியும் இடத்துக்கு அப்பால் வெட்டத் தெரிய வேண்டும். தவறினால் திறந்த நரம்போடு ஒரு யானையை நிறுத்தி வைத்ததாகும். வளர்ப்பு யானையாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தந்தத்தில் கை வைக்க முடியாது.

காட்டு விலங்குக்குப் பல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பிரபலமான ஆட்கொல்லிக் கதைகள் சாட்சி. 1907-இல் குமாவோன் மலையில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அதன் வலப்பக்க மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் அது, அதனால்தான் இயல்பான இரையை விட்டு மனிதரிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். 1898-இல் கென்யாவின் சாவோவில் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களை, அவர்களில் பலர் இந்தியாவிலிருந்து போனவர்கள், கொன்று தின்ற இரு ஆண் சிங்கங்கள் இப்போது சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் கீழ்க் கோரைப்பல் உடைந்து வேரில் சீழ் கட்டியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பற்களின் தேய்மானத்தை நுண்ணோக்கியில் பார்த்த பின்னைய ஆய்வில், அவை கெட்டியான எலும்புகளைக் கடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. பல்வலி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கூட இருந்த சிங்கத்துக்குப் பல் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் வலியுள்ள வாய் என்ன தின்னும் என்பதைத் தானே தீர்மானிக்கிறது.

மிருகக்காட்சிசாலைப் புலிக்கு இன்று அந்த நிலை வர வேண்டியதில்லை. இந்த வேலையின் முன்னோடிகள் இருவருமே மனிதப் பல் மருத்துவர்கள்: அமெரிக்காவின் கொலராடோவில் பீட்டர் எமிலி, லண்டனில் பீட்டர் கெர்டெஸ். மயக்க நேரம் குறைவு, பல் பெரிது. கோரைப்பல்லைப் பிடுங்கினால் தாடையில் பெரிய பள்ளம் விழும் என்பதால் பெரும்பூனைகளுக்கு வேர் சிகிச்சையையே விரும்புகிறார்கள். இன்றும் எங்காவது கரடிக்கோ புலிக்கோ பல் சிகிச்சை என்றால் கால்நடை மருத்துவரும் மனிதப் பல் மருத்துவரும் சேர்ந்து நிற்பது உலகெங்கும் வழக்கம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, தினமும் துலக்குவது. படலம் இரண்டு மூன்று நாளில் இறுகிவிடுவதால் வாரம் ஒருமுறை துலக்குவதில் பெரிய பயனில்லை. கன்னப் பக்கம் தெரியும் பரப்பைத் துலக்கினால் போதும். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மனிதப் பற்பசை கூடாது. நாய் அதைத் துப்பாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி ஈரலையும் கெடுக்கும். பல்லுக்கு நல்லது என்று எழுதிய மெல்லும் பொருள் வாங்குவதானால், 1997-இல் அமைந்த விலங்கு வாய்நல மன்றத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கித்தான் அதைத் தருகிறார்கள்.

மருத்துவமனையில் பல் சிகிச்சைக்குச் சொன்னால், கட்டணத்தைக் கேட்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தித்தான் செய்வீர்களா? பல்லுக்கான எக்ஸ்ரே கருவி இருக்கிறதா? சிகிச்சை முடிந்ததும் ஒவ்வொரு பல்லின் நிலையையும் குறித்த வாய்ப்படத்தின் நகல் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் இடம் உங்கள் ஊரில் இல்லாமல் போகலாம். அப்படியென்றால் அவசரமில்லாத சிகிச்சைக்கு அடுத்த பெரிய ஊர்வரை பயணம் செய்வது வீண் செலவல்ல.